இடக்கை முடிச்சு

சென்ற மாதம் என் மருமகனின் ஆபீஸ் நண்பர் ஒருவர் வீடு தேடி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் அரசாங்கம் வெளியிட்ட நாணய வரிசை. ஒவ்வொரு நாணயமும் தனித்தனிக் குழியில் உட்கார்ந்திருந்தது. மேலே கண்ணாடி போன்ற மூடி, சுற்றிலும் பசை போட்டு ஒட்டியது. நாணயம் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அதில் ஒன்றின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டுமாம். ஆனால் பெட்டியைத் திறந்தது தெரிந்தால் மதிப்பு போய்விடுமாம்.

"தொறந்த சுவடே தெரியாமத் தொறந்து, பழையபடி மூடிக் குடுப்பீங்கன்னு உங்க மருமகன் சொன்னாருங்க" என்றார்.

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலையில் பசை சரியாகப் பிடிக்கவில்லை. சற்று நேரம் வெயிலில் வைத்துவிட்டு, அந்த மூலை வழியாக ஓர் ஓலை நறுக்கை நுழைத்தால் மூடி வந்துவிடும். "முடியும்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"பின்னாடி இதை யாருக்காவது வித்தா, ஒரு தடவை தொறந்ததுன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பெட்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். மருமகனுக்கு என்மேல் ஏகக் கோபம். "தெரியாதுன்னு சொல்லியிருந்தாலாவது மரியாதையா இருந்திருக்கும்" என்றார். வாயால் விளக்கிச் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

காசு முடிச்சு அவிழ்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் போகிற வழியில் கிழக்கே பிரிந்தால் ஒரு சின்ன மலைக்கோயில் வரும். பெயர் வேண்டாம். அந்தக் கோயிலில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. யுத்தம் வர இன்னும் சில வருஷங்கள் இருந்தன. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. வெள்ளைக்காரன் தலை போட்ட காசுதான் கையில் புழங்கியது.

எங்கள் பக்கத்தில் வேண்டுதல் என்றால் வாயால் சொல்லிவிட்டுப் போவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், மாடு சினை பிடிக்கவில்லை, அரூர்க் கோர்ட்டில் வழக்கு, எதுவானாலும் ஒரு காசை எடுத்து, மஞ்சளில் நனைத்த துணியில் வைத்து, முடிந்து, வீட்டில் தொங்கவிடுவார்கள். காரியம் நடந்ததும் அந்த முடிச்சை அப்படியே கொண்டுவந்து உண்டியலில் போடுவார்கள். போடுகிறவர் அவிழ்க்கக் கூடாது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்டியல் திறக்கும்போது சில்லறைக் காசோடு குவியல் குவியலாக மஞ்சள் முடிச்சுகள் வந்து விழும். சில்லறையைப் பிரிக்க நாலு பேர் இருந்தார்கள். முடிச்சுக்கு நான் ஒருவன்.

மேனேஜர் சேஷகிரி ராவ் முன்னே எங்கேயோ தாலுகா கஜானாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். ஒல்லி. மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து நூல் கட்டியிருக்கும். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எதற்காவது சம்மதம் என்றால் "ஆகலி" என்பார். சம்மதம் இல்லையென்றால் ஒன்றுமே சொல்லமாட்டார். நாம் பேசிப் பேசி ஓய்ந்த பிறகு பார்த்தால் அவர் வேறு வேலையில் இருப்பார்.

அவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: முடிச்சில் கத்தி படக் கூடாது. பக்தியால் சொல்கிறார் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கேட்டபோது வேறு காரணம் சொன்னார். "அவிழ்த்த துணியில காசு படிஞ்ச தடம் இருக்கும். மடிப்பு இருக்கும். உள்ளே இருந்தது அரை ரூபாயா காலணாவான்னு துணியே சாட்சி சொல்லும். வெட்டினா சாட்சியை நீயே கொன்னுட்டே. நாளைக்கு உன்னைத் திருடன்னு ஒருத்தன் சொன்னா எதைக் காட்டுவே?" "வெட்டின துணி விளக்குத் திரிக்கும் நீளம் பத்தாது" என்றும் சேர்த்துக்கொண்டார். அதுவும் உண்மைதான். அந்தத் துணிகளைத் துவைத்துக் காயவைத்துத் திரி திரிப்பது கோயில் வழக்கம்.

வேலை படிந்து வர ஒரு வருஷம் பிடித்தது. அதில் சொல்வதற்கு அதிகமில்லை. நகங்கள் உடைந்தன, திட்டு வாங்கினேன். ஒருநாள் ஒரு முடிச்சு எதற்கும் இளகாமல் போகவே, யாரும் பார்க்கவில்லை என்று பல்லால் கடித்து இழுத்தேன். நிமிர்ந்தால் ராவ் நிற்கிறார். என் முன்னால் ஒரு செம்புத் தண்ணீரை வைத்துவிட்டுப் போனார். வாயைக் கொப்பளித்துவிட்டு வா என்று அதற்கு அர்த்தம். கோயிலில் மற்றவர்கள் அன்றிலிருந்து என்னைப் "பல்லு" என்று கூப்பிட ஆரம்பித்து, எனக்குப் பல் விழ ஆரம்பித்த பிறகும் நிறுத்தவில்லை.

முறை இதுதான். முடிச்சை இழுத்தால் இறுகும். தண்ணீர் பட்டால் பருத்தி ஊறி இன்னும் இறுகும். ஆகவே காய்ந்தபடியே இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்ட வேண்டும். உள்ளே இருக்கும் மஞ்சள் பொடியும் குங்குமமும் உதிரும். பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை நூல் போல இறுக்கமாக முறுக்கி, முடிச்சுக்குள்ளேயே தள்ள வேண்டும். இழுப்பதல்ல, தள்ளுவது. ஒரு நெல் அளவு தளர்ந்தால் போதும், அந்த இடத்தில் காரைமுள்ளை நுழைத்து நெம்பினால் வந்துவிடும். பிறகு துணியை விரித்து, காசை அதன் தடத்தின் மேலேயே விட்டு, சாட்சிகள் பார்க்கும்படி தட்டில் வைக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் முடிச்சைப் பார்த்தே ஆளைச் சொல்ல முடிந்தது. அரூர் மண்டிக்காரர்கள் அவசரத்தில் ஒரு சுற்று சுற்றிப் போடுவார்கள். தானாக அவிழும். நல்லம்பள்ளிப் பக்கத்துப் பெண்கள் முடிச்சுமேல் முடிச்சாக மூன்று போடுவார்கள். சித்தேரி மலைக்காரர்களுடையதுதான் கடினம். துணியை முடிந்து, மேலே நாரால் கட்டி, அதன்மேல் தேன்மெழுகைப் பூசியிருப்பார்கள். மழைக்கும் பூச்சிக்கும் அசையாது. அதைக் கையைக் குவித்து உள்ளங்கைச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். மெழுகு இளகினதும் ஓடு மாதிரி ஒரே துண்டாக உரித்துவிடலாம். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அப்படி உரித்த ஓட்டைத் திரும்பப் பொருத்தி, அவிழ்த்த முடிச்சையும் பழையபடி கட்டி, சும்மா வேடிக்கைக்காக மற்றவர்களிடம் காட்டுவேன். எது அவிழ்த்தது, எது அவிழ்க்காதது என்று யாராலும் சொல்ல முடியாது. ராவ் அந்த வேடிக்கையை ஒருமுறை பார்த்தார். பாராட்டவில்லை.

யுத்தம் உச்சத்தில் இருந்த சமயம். பெட்ரோல் இல்லாமல் பஸ் கரிப்புகையில் ஓடியது, துணிக்குப் பஞ்சம், வேண்டுதல் துணிகளும் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டன. ஆடித் திருவிழா முடிந்த மறுநாள் ஒரு பெண் கோயில் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சித்தேரிக்கு மேலே ஓர் ஊர், பெயர் ராமாயி. கையில் ஒரு மஞ்சள் முடிச்சை வைத்திருந்தாள்.

"தப்பு பண்ணிட்டேஞ்சாமி. இதைப் போடறதுக்குப் பதிலா அதைப் போட்டுட்டேன்" என்றாள்.

எதைப் போடுவதற்குப் பதில் எதை என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவளிடம் இரண்டு முடிச்சு இருந்தது. ஒன்று மாட்டுக்கு. மாடு நல்லபடி கன்று போட்டதால் எங்கள் கோயிலுக்குச் சேர வேண்டியது. இன்னொன்று அவள் மகன் அண்ணாமலையுடையது. சித்திரையில் அஸ்ஸாம் பக்கம் யுத்த ரோடு போட ஆள் எடுத்தபோது அவன் போய்விட்டான். அவர்கள் ஊரில் தூரதேசம் போகிறவன் கிளம்பும்போது தன் கையாலேயே ஒரு காசை முடிந்து வீட்டு நடுக்கம்பத்தில் கட்டிவிட்டுப் போவான். திரும்பி வந்து அவனேதான் அவிழ்த்து, அவர்கள் மலைச்சாமிக்குப் போட வேண்டும். நடுவில் வேறு கை அவிழ்த்தால், போனவன் வழி தவறிவிடுவான் என்பது நம்பிக்கை. கூரை மாற்றுவதற்காகக் கம்பத்திலிருந்து எடுத்து இடுப்பில் செருகி வைத்திருக்கிறாள். திருவிழாக் கூட்டத்தில் தள்ளுமுள்ளில், மாட்டு முடிச்சு என்று மகன் முடிச்சை உண்டியலில் போட்டுவிட்டாள். மலையேறி வீட்டுக்குப் போய்க் கம்பத்தில் கட்டப்போகும்போதுதான் தெரிந்திருக்கிறது. அப்படியே திரும்பி இறங்கி வந்துவிட்டாள்.

உண்டியலை நினைத்த நேரத்தில் திறக்க முடியாது. மூன்று பூட்டு, மூன்று பேரிடம் சாவி. ராவ் அவளிடம் திறக்கும் நாளைச் சொன்னார். ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. "அதுவரைக்கும் யாரும் தொடமாட்டாங்களே?" என்று கேட்டாள். "தொடமாட்டாங்க" என்றார் ராவ்.

திறக்கும் நாளுக்கு முதல் நாளே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை தர்மகர்த்தா, கிராம முன்சீப், ராவ், எல்லோரும் மண்டபத்தில் கூடினார்கள். உண்டியலைக் கவிழ்த்தபோது முடிச்சுகள் ஒரு கூடை நிறைய இருந்தன. மெழுகு பூசிய மலை முடிச்சு மட்டும் நாற்பதுக்கு மேல். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு.

"எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்றேன்.

"எம்மவனுக்கு எடக்கைதாஞ்சாமி எல்லாத்துக்கும்" என்றாள்.

எனக்கு அது போதும். இடக்கைக்காரன் கட்டினால் முடிச்சின் முனை எதிர்ப்பக்கமாகப் படுத்திருக்கும், நாரும் எதிர்த்திசையில் சுற்றியிருக்கும். நாற்பதையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றே ஒன்று அப்படி இருந்தது. தூக்கிக் காட்டினேன். அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

தர்மகர்த்தா குறுக்கே கையை வைத்தார். அவர் கெட்டவர் அல்ல. "உண்டியல்ல வுழுந்தது எதுவும் தொறந்து பார்க்காம வெளிய போவக் கூடாது. உள்ள பவுன் இருக்குதா, பித்தளை இருக்குதா, யாருக்குத் தெரியும்? இன்னிக்கு இந்தம்மாவுக்குக் குடுத்தா, நாளைக்கு ஊரே வந்து என்னுது உன்னுதுன்னு நிக்கும். தொறந்து பாத்துட்டுக் குடுங்க, நான் வேணாங்கல" என்றார்.

"தொறந்தா அப்புறம் அது எனக்கெதுக்குங்க?" என்றாள் ராமாயி. குரல் உயரவில்லை. "நான் சாமி சொத்தையா கேக்கறேன்? மாட்டுக் காசு இதோ இருக்குது. இதை எடுத்துக்கிட்டு அதைக் குடுத்துடுங்க. அவன் வர்ற வழிங்க அது."

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். முன்சீப் கூரையைப் பார்த்தார். ராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை, என் கைமேல் எனக்கு அவ்வளவு கர்வம். ராவின் காதருகே குனிந்து, "சார், அவுத்துப் பாத்துட்டு அப்படியே கட்டிக் குடுத்துடறேன். அவளுக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியாதுங்கறது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆகலி" என்றார். பிறகு அவளிடம், "அம்மா, ஸ்வல்பம் அந்தப் பக்கம் உட்காருங்கோ. முடிச்சு உங்க கைக்கு வரும்" என்றார். திறக்கமாட்டோம் என்று அவர் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து பொய் வராது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கும்பிட்டுவிட்டுத் தூணுக்கு அந்தப் பக்கம் போனாள்.

உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினேன். மெழுகு ஓடு கிட்டத்தட்ட முழுசாக வந்தது. நாரைச் சுற்று எண்ணிப் பிரித்தேன். முனையை முறுக்கித் தள்ளினேன். முள்ளை நுழைத்தேன். துணி விரிந்தது. உள்ளே ஒரு கால் ரூபாய், மூன்று கேழ்வரகு மணி, ஒரு சிட்டிகை மண். வீட்டு வாசல் மண்ணாக இருக்கும். தர்மகர்த்தா எட்டிப் பார்த்து, "சரி, கட்டுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

மணிகள் இருந்த இடத்திலேயே மணிகள், மண் இருந்த இடத்தில் மண், தடத்தின்மேல் காசு. பழைய மடிப்பிலேயே மடித்தேன். வலக்கைக்காரனான நான் இடக்கையால் முடிச்சுப் போட்டேன். முதல் தடவையிலேயே சரியாக விழுந்தது. அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது மறைத்து என்ன பயன்? கையே ஒரு தனி ஆள் மாதிரி வேலை செய்தது. நாரை அதே எண்ணிக்கையில் எதிர்த்திசையில் சுற்றினேன். மெழுகு ஓட்டில் ஓர் ஓரம் மட்டும் நொறுங்கிப் போயிருந்தது. கோயிலில் அரூர்ச் சந்தையில் வாங்கிய மெழுகு உருண்டை ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு துளி கிள்ளி உருக்கி, விளக்குக் கரி தொட்டு நிறம் சேர்த்து, அந்த ஓரத்தை அடைத்தேன். ராவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீயே கொடு" என்றார்.

தூணுக்குப் பின்னால் போய்க் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அவுக்கலீங்களே சாமி?"

"இல்லம்மா" என்றேன்.

முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சற்று அதிக நேரம் முகத்தோடு வைத்திருந்தாள் என்பது பிற்பாடு நினைவுக்கு வந்தது. அப்போது, சாமியைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு மாட்டு முடிச்சை என் கையில் வைத்துவிட்டு, படி இறங்கிப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தபோது ராவ் உண்டியல் கணக்குப் புத்தகத்தில் எழுதி முடித்திருந்தார். "தவறுதலாகப் போடப்பட்ட முடிச்சு ஒன்று அவிழ்த்துப் பார்க்கப்பட்டு, மீண்டும் கட்டி, உரியவரிடம் தரப்பட்டது." மணி மணியான எழுத்து. அதைப் படிக்கிற யாருக்கும் உண்மை தெரியும். ராமாயிக்குப் படிக்கத் தெரியாது.

யுத்தம் முடிந்தது. ராவ் அதற்குள் வேலையை விட்டு ஓசூர்ப் பக்கம் மகன் வீட்டோடு போய்விட்டார். அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். சித்தேரியிலிருந்து யாராவது வந்தால், ராமாயி மகன் திரும்பினானா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை என்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனாலும் அந்த இல்லையைக் கேட்கும்போதெல்லாம் பயமாக இருந்தது.

ஒரு தை மாதக் காலையில் அவள் வந்தாள். கூடவே ஓர் இளைஞன். மலைக்காய்ச்சலில் உடம்பு உருகி, கண் மஞ்சளோடி இருந்தான். ஒரு தேன்குடுவையை இடக்கையில் பிடித்திருந்தான். யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஆத்தா சொல்லிச்சுங்க, நீங்கதான் நாப்பது முடிச்சுல எம்முடிச்சக் கண்டுபிடிச்சுக் குடுத்தீங்களாம்" என்றான் அண்ணாமலை. "போன வாரம் எங்க மலைச்சாமிகிட்ட வெச்சு அவுத்தேனுங்க. நான் கட்டுனது கட்டுனபடியே இருந்துது. மூணு கேவுரும் அப்பிடியே கெடந்துது."

கட்டியவனுக்கே தெரியவில்லை. எனக்குள் அந்தப் பழைய கர்வம் ஒரு கணம் தலைதூக்கியது. இத்தனை வருஷத்துப் பயமும் இறங்கிவிட்டது. உட்காரச் சொன்னேன். மடப்பள்ளியிலிருந்து புளியோதரை வரவழைத்தேன். அவன் சாப்பிட ஆரம்பித்தான். அவள் தன் இலையை முதலில் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"சாப்புடு ஆத்தா, இனி என்னா?" என்றான் மகன். பிறகு என்னிடம் திரும்பி, "மூணு வருசமா உப்பே சேக்கலீங்க இது. கஞ்சி, களி எல்லாம் சப்புன்னுதான். அந்த ஆடிக்கு அப்புறம் இங்கேருந்து முடிச்ச வாங்கிட்டு வந்த அன்னிக்கு ஆரம்பிச்சிதாம். முடிச்சுதான் கெடைச்சிடுச்சே, அப்புறம் எதுக்கு நேர்ந்துக்கிட்டன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது. நான் வந்த பொறவுதான் நேத்து உப்பு தொட்டுச்சு" என்றான்.

முடிச்சு கிடைத்த அன்று எதற்காக ஒருத்தி உப்பை விடுவாள்? அவள் என்னைப் பார்க்கவில்லை. புளியோதரையை ஒவ்வொரு பிடியாக, நிதானமாக, ருசி பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மகன் கை கழுவக் குளத்துப் பக்கம் போனான். நான் அவள் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அன்னிக்கு நான் அவுத்தேன்" என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள்.

"எப்படி?"

"கையில வாங்குனப்பவே மோந்து பாத்தேன். ஓரத்துல இருந்தது எங்க மலை மெழுகு இல்லீங்க. எங்க தேன்பூச்சி கட்டுற மெழுகு கொஞ்சம் புளிப்பா வாடை அடிக்கும்."

"அப்பவே ஏம்மா கேக்கல?"

"கேட்டேனே சாமி. இல்லன்னீங்க." இலையை மடித்தாள். "அவுத்தேன்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே எங்க பூசாரிகிட்டப் போயி தோசத்துக்குக் கழிப்பு கழிச்சிருப்பேன். அதுக்கு ஒரு மொறை இருக்குதுங்க, ஒரு நாள் வேலை. நீங்க இல்லன்னுட்டீங்க. பூசாரிகிட்டப் போயி, கோயில்காரரு பொய் சொல்றாருன்னு நான் எப்பிடிச் சொல்றது? எனக்குத் தெரிஞ்சது உப்பை வுடறதுதான்."

மகன் வருவது தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். எழுந்து, மடியிலிருந்து கரிய உருண்டை ஒன்றை எடுத்து என் மேஜைமேல், ராவ் எழுதிய அந்தப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். நெல்லிக்காய் அளவு இருந்தது. புளித்த வாடை அடித்தது.

"இதை வெச்சுக்குங்க. இனிமே எங்க ஆளுங்க முடிச்ச அவுத்துக் கட்டுனா இதைப் பூசுங்க" என்றாள்.

கோபமாகச் சொன்னாளா என்றால், இல்லை. உதவிக்குத்தான் சொன்னாள்.